ஐந்து மணி ஞானம்

விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையில் ஜெயிக்கலாம் என்று ராபின் சர்மா 2018-இல் புத்தகமே போட்டார். 300 பக்கத்துக்கு மேல். எந்த அலாரம் கடிகாரம் இத்தனை விளக்கம் தரும்?

முதல் 20 நிமிடம் உடற்பயிற்சி, அடுத்த 20 சிந்தனை, கடைசி 20 படிப்பு. நானும் எழுந்தேன். உடற்பயிற்சி தெருமுனை டீக்கடை வரை போனது. மாஸ்டர் மூன்றரைக்கே பாய்லரை மூட்டி, இரண்டாவது கேன் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக இப்படித்தானாம். இன்னும் வாடகை வீடுதான். பாவம், புத்தகம் படிக்காமலே எழுந்திருக்கிறார்!

மனசு கேட்காமல் என் பிரதியைக் கொடுத்தேன். மறுநாள் அதன் ஒன்பதாம் பக்கத்தில் எனக்கு இரண்டு மெதுவடை வந்தது.

“தாளு சூப்பர் சார், எண்ணெயை அப்படியே இழுக்குது. இன்னொண்ணு இருக்கா?”