நிலத்தடி நிலையக் கண்காட்சியும் கியா பார்ம் பார்வையாளரும்: ஓர் ஆய்வு

நிலத்தடி ரயில் நிலையத்துக்கு முகம் கிடையாது. கோபுரத்தைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். நிலையத்தை உள்ளே இறங்கித்தான் பார்க்க வேண்டும். இறங்கியவரோ ரயில் வருகிறதா என்று மட்டுமே பார்ப்பார். இக்குறையைத் தீர்க்க வந்தவை கண்காட்சிகள். மாஸ்கோவின் கிராஸ்னியே வொரோத்தா நிலையம் 1937இல் பாரிஸிலும், மாயகோவ்ஸ்காயா நிலையம் 1939இல் நியூயார்க்கிலும் உலகக் கண்காட்சிகளில் பெரும்பரிசு பெற்றன. அலெக்சி துஷ்கின் வடிவமைத்த பின்னதன் ஒரு பகுதியை நியூயார்க்கில் முழு அளவில் கட்டி, கண்ணாடிகளால் நீளமாக்கிக் காட்டினர். ரயிலே வராத நடைமேடையில் கூட்டம் சேரும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

இத்தகைய கண்காட்சியைக் காணத் தகுதியானவர் யார்? நகரவாசி அல்லர், நடைமேடையைக் கண்டாலே அவர் கால் ஓடத் தொடங்கும். தகுதியானவர் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கியா பார்ம் ஊரார். அவ்வூர் பிரிஞ்சாங்குக்கு மேலே, 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. ரயில் தாப்பா ரோடு நிலையத்தோடு நின்றுவிட்டது. கேமரன் மலை ஏறவில்லை. எனவே ரயிலைத் தவறவிடும் அச்சம் அவ்வூராருக்கு இல்லை. தேயிலைச் சரிவிலும் காய்கறித் தோட்டத்திலும் பழகிய கண் தூணைத் தூணாகவே பார்க்கும்.

அவருக்கு உகந்த களம் கோலாலம்பூர். அந்நகரின் காஜாங் ரயில் தடத்தின் 9.5 கிலோமீட்டர் சுரங்கப் பகுதி 2017 ஜூலை 17இல் திறக்கப்பட்டது. அதிலுள்ள ஏழு நிலையங்களுக்கும் தனித்தனிக் கருப்பொருள் உண்டு. பாசார் செனிக்குக் கிள்ளான், கோம்பாக் ஆறுகளின் சங்கமம், மெர்டேக்காவுக்கு விடுதலை. முசியம் நெகாரா நிலையம் தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டியே இருப்பதால், எது காட்சிப்பொருள், எது போக்குவரத்து என்று பிரிப்பது கடினம். அழகைவிட வியக்கத்தக்கது அடியிலுள்ள மண். குகைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையைக் குடையும்போது தரை உள்வாங்காமலிருக்க, துளைப்பில் பயன்படும் சேற்றுக் குழம்பின் அடர்த்தியை இடத்துக்கேற்ப மாற்றும் துளைப்பொறி இங்குதான் முதலில் இறக்கப்பட்டது. சுவரோவியத்தின் முன் நிற்பவர்கள் இதை நினைப்பதில்லை.

கண்காட்சிப் பார்வையாளரில் படம் எடுப்போர், பலகை படிப்போர் ஆகிய இரு வகையினரைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. மூன்றாம் வகையினர் நிலையத்தின் மாதிரி வடிவத்தைச் சுற்றிவந்து குறை காண்போர். மாதிரிக்குள் நிற்கும் வெள்ளைப் பொம்மை மனிதர்களிடம் குடையோ பையோ அழும் குழந்தையோ இராது. கோஸ் கூடையை எங்கே இறக்கிவைப்பது என்ற கேள்வி கியா பார்ம்காரருக்கு இங்கேதான் எழும். பள்ளி விடுமுறையில் தம் ஊர்ச் சந்தையில் நகராமல் நிற்கும் வாகன வரிசையைக் கண்டவர் அவர். நடைமேடையின் அகலத்தை அந்த நெரிசலைக் கொண்டே அளப்பார். வரைபடத்திலுள்ள பல நிலையங்கள் இத்தேர்வில் தேறுவதில்லை.

எஞ்சியது இருக்கை. கண்காட்சியில் கால் வலிக்கும்போது கண்ணில் படும் ஒரே இருக்கையும் காட்சிக்கு வைக்கப்பட்டதாகவே இருக்கும்; அதில் அமரத் தடை. உண்மை நிலையத்தில் அமரலாம், ஆனால் அங்கே இடம் கிடைப்பதில்லை.