ஐந்தாம் எண்ணும் போர்வையும்: நெய்வேலி நகரியக் குளிர்மரபு குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வின் இட எல்லை ஆர்ச் கேட்டில் தொடங்கி, மந்தாரக்குப்பத்தை எட்டுமுன் முடிந்துவிடுகிறது. கால எல்லை ஆண்டுதோறும் மே 4 முதல் 28 வரை, அதாவது அக்கினி நட்சத்திரம். மற்ற மாதங்களில் ஆய்வாளர் நன்றாகத் தூங்கிவிடுவதால் தரவுகள் கிடைக்கவில்லை. முதன்மைச் சான்றுகள்: சீலிங் ஃபேன், ரெகுலேட்டர், போர்வை. துணைமைச் சான்று: மாமனார். முன்னாய்வுகள்: இத்துறையில் இதுவே முதல் முயற்சி. (எல்லா ஆய்வேடுகளிலும் இவ்வரி இருப்பதால் இங்கும் சேர்க்கப்பட்டுள்ளது.)

கருதுகோள்: மனிதன் குளிரைத் தேடுவது போர்த்திக்கொள்வதற்காகவே.

இயல் 1. வரலாற்றுப் பின்புலம்

எதை ஆராய்ந்தாலும் சிந்துவெளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் ஆய்வுலகின் எழுதாச் சட்டம். இடமின்மையால் நாம் சற்றுப் பிந்தி, பழந்தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறோம். அது ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நெய்வேலியில் இவற்றுள் முதுவேனில் மட்டுமே நிரந்தரப் பணியாளர். மற்ற ஐந்தும் காண்ட்ராக்ட். பணி நிரந்தரம் கேட்டுப் பல காலமாக வாசலில் நிற்கின்றன.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. குளிர்ந்ததைத் தேடியவருக்கு எரிவது கிடைத்தது என்பதை இவ்வூரின் தலையெழுத்தாகக் கொள்ளலாம். அந்தக் கறுப்பைத் தோண்டப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் பிறந்தது. சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்த நாள் 1957 மே 20. இந்தத் தேதியை எல்லா வரலாற்றாசிரியர்களும் எழுதுகிறார்கள். அது கத்திரி வெயிலின் நட்டநடு என்பதை ஒருவரும் எழுதவில்லை. மேடையில் விசிறி இருந்ததா, இருந்தால் எத்தனையில் ஓடியது என்பது பற்றி ஆவணங்கள் கனத்த மௌனம் காக்கின்றன.

இயல் 2. வீட்டைச் சூடாக்குதல்

தேவை எழவில்லை.

இயல் 3. தண்ணீரைச் சூடாக்குதல்

மார்கழியில் கீசர், மேயில் மொட்டைமாடித் தொட்டி. பின்னது மின்சாரம் கேட்பதில்லை, அனுமதியும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் இவ்வூர் தமிழ்நாடு முழுவதற்கும் அடுப்புக்கரி அனுப்பியது. பழுப்பு நிலக்கரியை அச்சில் அழுத்திக் கரியாக்கிய அந்தக் கட்டிகளுக்கு லெகோ என்று பெயர். புகை அதிகம் வராது, பற்றவைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும், பற்றிக்கொண்டால் லேசில் அணையாது. நிறைய குமுட்டி அடுப்புகளும் பித்தளை பாய்லர்களும் அதை நம்பி வாழ்ந்தன. பிறகு கேஸ் வந்தது, அந்த ஆலையும் மூடப்பட்டது. லெகோ குறித்துத் தனி ஆய்வேடே எழுதலாம். யாராவது எழுதி முனைவர் ஆனால் இக்கட்டுரைக்கு நன்றி சொல்ல வேண்டாம். வழக்கம்போல அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இயல் 4. ஆவியாதல் மரபு

நகரியத்தின் ஆகப்பெரிய ஏர்கூலர் எந்த வட்டத்தின் குவார்ட்டர்ஸிலும் இல்லை. அனல்மின் நிலையத்தில் இருக்கிறது. பெயர் கூலிங் டவர். கரியை எரித்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துகொண்டு கோபுரத்துக்குப் போய், தன்னில் கொஞ்சத்தை ஆவியாக்கி, குளிர்ந்து திரும்புகிறது. மண்பானை செய்வதும் இதையே. கடலூர்க் கடலோரத்தில் நொச்சிக்காடு, தியாகவல்லி மணலில் விளையும் வெட்டிவேரைத் தட்டியாகக் கட்டித் தண்ணீர் தெளித்தால் நடப்பதும் இதுவே. இரண்டாம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர் முதுகும் இந்த மரபில் வந்ததுதான்.

ஏர்கூலர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். மேல்காற்று அனலாக வீசும் மே மாத நடுப்பகலில் கூலர் தன் விளம்பரத்துக்கு ஓரளவு நியாயம் செய்கிறது. கடல் இங்கிருந்து 30, 40 கிலோமீட்டர்தான். சாயங்காலம் கடற்காற்றுத் திரும்பியதும் காற்றில் ஈரம் ஏறிவிடும். அப்போதும் கூலரை ஓட்டினால் அறை குளிராது, நனையும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. (காண்க: கூலருடன் வந்த கையேடு, பிரிக்கப்படாத பாலிதீன் உறைக்குள், பக்கம் தெரியவில்லை.)

இயல் 5. சீலிங் ஃபேன்: பொது

மின்சார சீலிங் ஃபேன் 1880-களில் அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு முன் வெள்ளைக்காரத் துரைக்குப் பங்கா இழுக்க ஓர் ஆள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு யார் விசிறினார்கள் என்ற கேள்வியை ஆய்வுலகம் இன்னும் எழுப்பவில்லை. எழுப்பினால் ஒரு கருத்தரங்கு தேறும்.

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. அது தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகி அந்த அறையிலேயே தங்குகிறது. குளிர்வது வியர்த்த தோல் மட்டுமே. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன், அறையைத் துளித்துளியாகச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. இந்த உண்மையைப் பிள்ளைகளிடம் சொல்லி ஃபேனை நிறுத்தவைத்த தந்தை எவரும் இதுவரை பதிவாகவில்லை.

பராமரிப்பு. ஃபேன் திடீரென்று சோம்பினால் கண்டன்சர் போயிருக்கும். பெரும்பாலான ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட், சில பத்து ரூபாய்ச் சமாச்சாரம். அதை வாங்கி மாட்டுவதற்கு மாற்றாக நம் மரபு கண்டறிந்த கருவி ஒட்டடைக்கம்பு. கண்டன்சர் செத்த மோட்டாருக்குத் தானாகக் கிளம்பும் திராணி இல்லை. கம்பால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கும். ஆனால் எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே சுற்றும். இருட்டில் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டால் காற்று முழுவதும் கூரைக்குப் போகும். பல்லி சுகமாக உறங்கும்.

தூசி தட்டுவது போகிக்கு. சந்தனம் குங்குமம் வைப்பது ஆயுத பூஜைக்கு. இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி உருவினால் தூசி கீழே கொட்டாது. இந்த ஆய்வில் உருப்படியான பகுதி இது ஒன்றுதான், வாசகர் குறித்துக்கொள்க.

இயல் 6. ரெகுலேட்டரின் ஐந்து எண்கள்

இதுவே ஆய்வின் இதயம்.

ரெகுலேட்டரில் பூச்சியம் நீங்கலாக ஐந்து எண்கள் உள்ளன. ஒன்றாம் எண் கைக்குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் உரியது. இரண்டாம் எண்ணில் யாரும் ஓட்டியதாகத் தகவல் இல்லை. ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகும் வழியில் இருப்பதால் அது இருக்கிறது. மூன்று, விருந்தாளி கிளம்ப வேண்டும் என்று வீட்டார் நினைக்கும்போது பயன்படுவது. (மாமனார், வாய்மொழி, காபிக்குப் பின்.) இனிச் சிக்கல் நான்கிலும் ஐந்திலும்தான்.

நான்குக்கும் ஐந்துக்கும் வேறுபாடு உண்டா? உண்டு என்போர் ஒரு பள்ளி, இல்லை என்போர் மறுபள்ளி. கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தால் எந்த எண் என்று எவராலும் சொல்ல முடியாது என்கிறது மறுபள்ளி. சொல்ல முடியாதுதான், ஆனால் நான்கில் இருக்கிறது என்று தெரிந்தால் தூக்கம் வராது என்கிறது முதற்பள்ளி. (மாமனார், வாய்மொழி, இரவு 2 மணி: "மாப்ளே, அஞ்சுல வைங்க." ஃபேன் அப்போது ஐந்தில்தான் இருந்தது. ஒப்புநோக்குக: மேற்படியார், விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு, கொசுவலைக்குள்ளிருந்து. இதற்கு மறுப்பு மாமியாரால் அன்றிரவே அடுத்த அறையிலிருந்து வெளியிடப்பட்டது. மறுப்புக்கு மறுப்பு வெளிவரவில்லை. வரும் அறிகுறியும் இல்லை.)

பழைய பெட்டி ரெகுலேட்டர்களைப் பற்றி ஒரு கிளையாய்வு. உள்ளங்கை அகலத்தில், சுவரில் துருத்திக்கொண்டு, தொட்டால் சுடும். அவற்றின் உள்ளே இருந்தது வெறும் மின்தடைக் கம்பி. எண்ணைக் குறைத்தால் ஃபேன் மெதுவாகும். மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் நல்லதொரு பங்கு பெட்டிக்குள் சூடாகிச் சுவருக்குப் போகும். இயல் 2 திருத்தப்பட வேண்டும்: நெய்வேலியில் வீட்டைச் சூடாக்கும் கருவி இருந்தது, அதன் பெயர் ரெகுலேட்டர். இன்றைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் இந்த வீணடிப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. புதிதாக வந்த பி.எல்.டி.சி. ஃபேன்களோ பழைய ஃபேன் 75 வாட்டில் செய்த வேலையை 30 வாட்டுக்கு அக்கம்பக்கத்தில் செய்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ரெகுலேட்டரே இல்லை. ரிமோட்டும் அதில் ஆறு வேகமும். ஐந்தோடு உலகம் முடிகிறது என்று நம்பி வாழ்ந்த ஒரு தலைமுறையை அந்த ஆறாம் எண் எவ்வாறு உலுக்கியது என்பதை விவரிக்க இங்கு இடமில்லை. (பார்க்க: ரிமோட், மாமனார் தலையணைக்கு அடியில், நூலகத்துக்குள் மட்டும் பார்வையிடலாம், வெளியே எடுத்துச்செல்ல அனுமதி இல்லை.)

இயல் 7. ஏ.சி.

நகரியத்தில் ஏ.சி.யைப் பரப்பியது ஆடம்பரமன்று, நைட் ஷிப்ட். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து, ஜன்னல் கண்ணாடியில் பழுப்புத்தாள் ஒட்டி, மே மாதப் பகலில் தூங்கிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

"ஒன்றரை டன்" என்பது பெட்டியின் எடையன்று. ஏறத்தாழ 900 கிலோ ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் இறக்கி விற்றவர்கள் சென்னையில் கட்டிய கிடங்கு இன்றும் மெரினாவில் நிற்கிறது. ஐஸ் ஹவுஸ் என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். விவேகானந்தர் தங்கியதால் அது இப்போது விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் இறக்குமதி ஒழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் ஏ.சி.யை அதே கணக்கில்தான் விற்கிறார்கள்.

பராமரிப்பில் ஆய்வுக்குரிய ஒரே வாக்கியம், "சார், கேஸ் குறைஞ்சிருக்கு." ஏ.சி.க்குள் கேஸ் மூடிய குழாயில் சுற்றிச்சுற்றி வருவது. பெட்ரோலைப் போலத் தீர்வதன்று. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது, மேற்கோளைச் சரிபார்க்காமல் பதிப்புக்குப் பதிப்பு அடிக்குறிப்பை ஏற்றுவதற்கு ஒப்பானது. இரண்டிலும் பில் மட்டும் சரியாக வரும். குளிர் குறைந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டுக. ஏ.சி. ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

இயல் 8. போர்வைச் சிக்கல்

2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.க்கள் இயல்பாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். வீட்டில் நடப்பது வேறு. ஏ.சி. 18-க்கு இறக்கப்படும். ஃபேன் ஐந்தில் சுற்றும். பிறகு பீரோவிலிருந்து சோலாப்பூர் போர்வை வரும்.

இனிக் கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழுப்பு நிலக்கரி வேண்டும். அதில் பாதி தண்ணீர். அத்தண்ணீரையும் சேர்த்தே அடுப்பில் போடுகிறோம். ஒரு டன் நிலக்கரியை எட்ட ஐந்தரை கன மீட்டர் அளவுக்கு மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. ஃபேன் மட்டும் ஓடும் இரவுக்கு மூன்றரை லிட்டர் மண், அதாவது ஒரு சிறு குடம். ஏ.சி. 18-இல் ஓடும் மே மாத இரவுக்கு ஏழெட்டு யூனிட் வைத்தால், பெயர்த்துக் கொட்டிய மண் 40 லிட்டரைத் தாண்டுகிறது. தூக்கிப் பார்த்தால் ஓர் ஆள் கனம். போர்வைக்குள் படுத்திருப்பவரின் எடையும் அவருக்காக இடம்பெயர்ந்த மண்ணின் எடையும் ஏறத்தாழ ஒன்றே என்னும் இந்தச் சமன்பாடு ஆய்வாளரின் சொந்தக் கண்டுபிடிப்பு; எடுத்தாள்வோர் எழுத்துமூலம் அனுமதி பெறுக.

போர்வைக்குள் போனவர் அத்தோடு அடங்குவதில்லை. சற்று நேரத்தில் புழுங்கும். அப்போது ஏ.சி.யையோ ஃபேனையோ தொடாமல் ஒரு காலை மட்டும் வெளியே நீட்டுவார். இதைச் சோம்பல் என்று கடந்துபோன முந்தைய அறிஞர்கள் உடற்கூறு அறியாதவர்கள். உள்ளங்காலில் தமனியையும் சிரையையும் நேரே இணைக்கும் குறுக்குவழிகள் உள்ளன. அவை திறந்தால் சூடான இரத்தம் தோலுக்கு வந்து வெப்பத்தை இறக்கிவிட்டுப் போகும். காலை முழங்கால்வரை விட்டால் ஒரு வேகம், கணுக்கால்வரை விட்டால் இன்னொன்று, கட்டைவிரல் மட்டும் என்றால் மற்றொன்று. ஆக, வீட்டிலேயே ஆகத் துல்லியமான ரெகுலேட்டர் கால்தான். நீட்ட வேண்டியது இடக்காலா வலக்காலா என்பதில் மட்டும் அறிஞர்கள் இரு அணியாகி, ஒருவர் அணிந்துரை எழுதிய நூலை மற்றவர் தொடுவதில்லை.

இதைத் தீர்க்க வரும் மே மாதம் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று கூடுகிறது. பன்னாடு என்பதற்குச் சிங்கப்பூரில் மகன் இருக்கும் ஒரு பேராசிரியர் வருகிறார். கட்டுரைகள் தொகுப்பாக ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வெளிவரும்; கட்டணம் செலுத்திய பிறகு கட்டுரை அனுப்பினால் போதும், அனுப்பாவிட்டாலும் சான்றிதழ் உண்டு. கட்டுரையாளர் அனைவருக்கும் பொன்னாடை போர்த்தப்படும். அரங்கில் ஏ.சி. 18-இல் இருக்கும் என்பதால் அதை எவரும் கழற்றி மடித்து வைக்க வேண்டியதில்லை.