சாணை மலிந்தால் பல் மெலியும்: செட்டிநாட்டு வீடுகளில் செயின் சாணை மெஷின் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மரம் அறுக்கும் மெஷினின் செயினைத் தீட்ட, மலிவு விலையில் ஒரு மின்சாணை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்பது காரைக்குடி வட்டாரத்தில் மெஷின் வைத்திருப்போரின் நம்பிக்கை. இதைப் பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல் ஆகிய மூன்று கோணங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது. கூர் மலிவானால் தீட்டுவது கூடும். தீட்டுவது கூடினால் பல் தீரும் என்பது முடிபு. முடிபை முதலிலேயே சொல்லிவிட்டதால் அவசரக்காரர்கள் இங்கேயே எழுந்து போகலாம். மின்சாணையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கடைசிவரை இருந்தாக வேண்டும்.

1. களம்

சிவகங்கைச் சீமையில் அறுப்பதற்கு மரப் பஞ்சமில்லை. கண்மாய் உட்புறம், ஊருணிக் கரை, வாரிசுகள் வெளியூரில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் மனை என எங்கும் சீமைக்கருவேலம் நிற்கிறது. அதை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டது. மரம் அந்த உத்தரவைப் படிக்கவில்லை. தூரோடு தோண்டாவிட்டால் மறுபடி துளிர்ப்பது அதன் இயல்பு. இது போகத் தைல மரம் உண்டு. பிரித்துப்போட்ட பழைய வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்கு உண்டு.

மூன்றும் செயினைத் தனித்தனி வழியில் மழுக்கும். கருவேலத்தின் கைவரிசை அதன் கடினமும் அடித்தண்டில் ஒட்டிய மண்ணும். தேக்குக்குள் பாட்டன் காலத்து ஆணி ஒளிந்திருக்கும். தைல மரத்தைத் தரையில் போட்டுத் துண்டு போடும்போது செயின் செம்மண்ணைத் தொட்டுவிடும். ஒரு நொடி போதும். மழுங்கிய செயினைக் கண்டுபிடிப்பது எளிது. செதில் செதிலாக விழ வேண்டிய தூள் மாவாகக் கொட்டும். அறுப்பவர் மெஷினை அமுக்குவார். பிறகு மெஷினைச் செய்தவரைத் திட்டுவார்.

2. முன்னோர் நிலை

கூர் பற்றிய பேச்சில் இம்மாவட்டம் யாருக்கும் பின்தங்கியதல்ல. திருப்பாச்சேத்திப் பட்டறை அரிவாளின் புகழ் 2005-ல் ஒரு சினிமாவுக்கே பெயர் கொடுத்தது. ஆனால் அரிவாளுக்கு ஒரே விளிம்பு. தீட்டுகிறவர் ஒரு முடிவெடுத்தால் போதும். 72 கண்ணி கொண்ட 18 அங்குலச் செயினிலோ 36 வெட்டுப் பற்கள்: இடப்பக்கம் பார்த்தவை 18, வலப்பக்கம் பார்த்தவை 18. அதே முடிவை 36 முறை மாறாமல் எடுக்க வேண்டும். குடும்பஸ்தர்களுக்கு இது பழக்கமில்லாத காரியம்.

இன்றைய பல்லின் வடிவம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்பவர் 1946-ல் கண்டது. மரத்தைக் குடையும் ஒரு வண்டுப்புழு, தாடையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடித்து முன்னேறுவதைக் கவனித்து, அந்த வித்தையைச் செயினில் ஏற்றினார். புழு சாணை பிடிக்கப் போவதில்லை என்பதையும் அவர் கவனித்தாரா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. கருவியின் தத்துவம்

மலிவு ரக மின்சாணை என்பது 85 வாட் அளவில் ஒரு மோட்டார், மெல்லிய வட்டக் கல், செயினைக் கவ்வும் பிடி, கோணம் குறித்த தட்டு. தட்டைப் பெரும்பாலும் 30 பாகையில் வைத்து ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு, மறுபுறம் திருப்பி மற்றவற்றைத் தீட்ட வேண்டும்.

இதில் இரண்டு விதிகள் உண்டு. முதலாவது சமத்துவ விதி: எந்தப் பல் மிகக் குட்டையோ, மற்ற 35-ம் அதன் அளவுக்கு இறங்கி வர வேண்டும். ஆணியில் பட்டது ஒரு பல், தேய்மானம் அத்தனைக்கும். இறங்க மறுத்து ஒரு பக்கம் நீண்டிருந்தால் அறுப்பு நேராகப் போகாமல் வளையும்.

இரண்டாவது திமில் விதி. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் திமில்போல் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல வகைச் செயின்களில் அது பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். தீட்டத் தீட்டப் பல் தாழும். மேடு தானாகத் தாழாது, அதைத் தனியே அராவ வேண்டும். அராவாவிட்டால் சவரக்கத்திபோல் கூரான பல்லும் மரத்தை எட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். உடைமையாளர் உடனே “கூர் பத்தல” என்று முடிவு கட்டி இன்னொரு சுற்றுத் தீட்டுவார். பல் மேலும் தாழும். அழுத்திப் பிடித்தாரானால் நுனி நீலம் பாய்ந்து எஃகின் பதமும் போகும்.

உருண்டை அரத்தில் இந்த ஆபத்துகள் குறைவு. அது பல்லைச் சூடேற்றாது, கொஞ்சமாகத்தான் தின்னும். ஆனால் அரம் போடுகிறவரை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. மின்சாணையில் தீப்பொறி பறக்கும். வாங்கும் முடிவில் தீப்பொறியின் பங்கு கணிசமானது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

4. இட ஆய்வு

ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் செட்டிநாட்டு வீட்டில் ஒரு சின்ன மெஷினுக்கு இடமா இல்லை எனலாம். இல்லை என்பதே கண்டறிந்த உண்மை. முகப்பில் வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் தம் செயினோடு வருவர். வளவில் வைத்தால் இரும்புப் பொடி ஆத்தங்குடிக் கல்லில் விழும். ஈரத் துணியால் துடைத்த மறுநாள் துருக்கறை பூக்கும். அடுப்படிக் கட்டில் உள்ள பிளக், மாவாட்டும் மெஷினுக்குப் பரம்பரைப் பாத்தியதை. மிஞ்சுவது பின்னால் உள்ள பழைய மாட்டுக்கொட்டகை. அங்கே கரண்ட் இல்லாததால் நீள ஒயர் வாங்க வேண்டும். இந்த ஒயரைத் தாண்டிப் போகும் ஆச்சிகள் எழுப்பும் கேள்வி ஒன்றே: “ஏம்ப்பா, காலையிலருந்து சத்தம் கேக்குதே, வெட்டுன வெறகு எங்க?”

5. ஐந்தொகை

இம்மண்ணில் ஐந்தொகை எடுக்காமல் எந்த உண்மையும் நிலைபெறாது. சாணை மெஷின் 3,000 ரூபாய், கடையில் ஒரு தடவை தீட்டக் கூலி 100, புதுச் செயின் 800 என்று வைத்துக்கொள்வோம். 30 தடவை வீட்டில் தீட்டினால் போட்ட முதல் திரும்பிவிடும். மின்செலவு பற்றிக் கவலை வேண்டாம்: தடவைக்குக் கால் மணி நேரம் என்றாலும் முப்பதுக்கும் சேர்த்து ஒரு யூனிட்கூட ஆகாது.

பற்றுப் பக்கம் இனிதான். நிதானமாகத் தீட்டும் கையில் ஒரு செயின் பத்துத் தடவை தாங்கும், தீப்பொறிப் பிரியர் கையில் ஆறு தடவை என்று கொள்வோம். முப்பதுக்கு முன்னவர் மூன்று செயின் வாங்குவார், 2,400 ரூபாய். பின்னவர் ஐந்து, 4,000 ரூபாய். முதல் திரும்பிய அன்று கைநட்டம் 1,600. நீராவி எந்திரம் சிக்கனமாக எரிக்க எரிக்க நாட்டில் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று 1865-ல் வில்லியம் ஜெவன்ஸ் இங்கிலாந்தில் வாதிட்டார். காரைக்குடியில் இருந்திருந்தால் அவருக்கு அவ்வளவு நிலக்கரி தேவைப்பட்டிருக்காது. ஒரு செயின் போதும்.

6. கடன் இயல்

பர்மா, மலேயா, இலங்கை எங்கும் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிற்ற சமூகத்தின் ஊரில், வட்டியும் அடமானமும் இன்றி வெளியே போகும் ஒரே சொத்து இந்தச் சாணை மெஷின். “அண்ணே, சும்மா ஒரு ரெண்டு பல்லுதான்” என்று வாங்கிச் செல்வார்கள். பணக் கடனில் அசல் அப்படியே இருந்து வட்டி வளரும். இங்கே திரும்பி வரும்போது கல்லின் விட்டம் குறைந்திருக்கும். அசலே தேயும், வட்டி கேட்பதற்கு வாய்ப்பில்லை. கேட்டால் உறவும் தேயும்.

7. பரிந்துரைகள்

சாதாரண மழுங்கலுக்கு அரமே போதும். ஆணியில் பட்டுப் பல் சிதைந்தால் மட்டும் மின்சாணை. அதிலும் கல் பல்லைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். மேட்டை அளக்காமல் பல்லைக் குறை சொல்லலாகாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இவ்வளவுக்குப் பிறகும் மின்சாணை வீண் என்று இவ்வாய்வாளர் சொல்லவில்லை. தெருவுக்கு ஒன்று அவசியம் வேண்டும். அது பக்கத்து வீட்டில் இருப்பது உத்தமம்.