சண்டியர் மீன் சரித்திரம்

பழைய காலத்து ராஜாக்களுக்கு நிலவரி வந்தது, உப்புவரி வந்தது, சுங்கம் வந்தது. சயாம் (இன்றைய தாய்லாந்து) ராஜாவுக்கு இதெல்லாம் போக மீன் சண்டையிலிருந்தும் வந்தது. மூன்றாம் ராமா ஆண்ட காலத்தில் மீன் சண்டை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, வருஷா வருஷம் கணிசமாகக் கல்லா கட்டியிருக்கிறார்கள். கொல்லாமை போதித்த புத்தர் கோயில் மணி ஒரு பக்கம் அடிக்க, பந்தயக்காரர்களின் கூச்சல் மறுபக்கம்.

மீன் என்றதும் சுறாவைக் கற்பனை செய்ய வேண்டாம். விரல் நீளம்தான். சென்னை கொளத்தூர் கடைகளில் ‘ஃபைட்டர்’ என்று சொல்லி, ஆளுக்கொரு பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, சாட்சாத் அதே பேர்வழி.

பூர்வீகம் சாவோ பிரயா ஆற்றுச் சமவெளி. அங்குள்ள நெல்வயலும் குட்டையும்தான் வீடு. தண்ணீர் என்று பேர். பாதி சேறு, மீதி களை. வெயிலில் வெதுவெதுவென்று கிடக்கும் அந்தத் தண்ணீரில் ஆக்ஸிஜனைத் தேடத்தான் வேண்டும். மற்ற மீன்கள் வாயைப் பிளக்கிற இடத்தில் நம்மாள் சாவகாசமாக மேலே வந்து, ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போவார். செவுளுக்கு மேலே, தலைக்குள், ரத்த ஓட்டம் நிறைந்த மடிப்பு மடிப்பான உறுப்பு ஒன்று இருக்கிறது. அது காற்றிலிருந்தே ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். நம்மூர் பனையேறிக் கெண்டையும் இந்த வம்சம்தான். 1791இல் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைக் கண்ணால் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் எழுதிவைத்தார். பனைமரத்தடியில் அவர் அன்று என்ன குடித்தார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

வயலில் வாழ்கிற சயாம் மீனை ரவுடி என்று சொல்வது அபாண்டம். அது குடும்பஸ்தன். ஆண் மீன் எச்சில் பூசிய காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாகத் துப்பித் துப்பி, மிதக்கும் இலைக்கடியில் ஒரு நுரைக்கூடு கட்டும். பெண் வந்தால் உடம்பை வளைத்து அவளைச் சுற்றிக்கொள்ளும். அந்தப் பிடியில் முட்டைகள் வெள்ளை வெள்ளையாக உதிரும். அவை தரையைத் தொடுவதற்குள் அப்பா பாய்ந்து, வாயால் பொறுக்கி, கூட்டில் கொண்டுபோய் ஒட்டுவார். எல்லாம் முடிந்ததும் அம்மாவுக்கு அடி, உதை, வெளியேற்றம். அராஜகம்தான். ஆனால் இருக்கவிட்டால் அந்தம்மாள் முட்டைகளையே தின்றுவிடக்கூடும் என்பதையும் வழக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு நாளில் பொரியும் குஞ்சுகள் வால் கீழே தொங்க, நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினால் அப்பா கவ்வி மேலே துப்புவார். இன்னொன்று நழுவும். மறுபடி துப்புவார்.

இந்த நிலைமையில் வாசலில் இன்னொரு ஆண் வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? செவுள் மூடி விரியும், கீழே தாடி மாதிரி ஒரு சவ்வு எழும், மங்கல் பழுப்பு உடம்பில் பச்சையும் நீலமும் மின்னும். நாலு கடி. வந்தவன் நடையைக் கட்டுவான். விவகாரம் அத்தோடு தீர்ந்தது.

தீர்ந்திருக்கும், வரப்பில் ஒரு மனிதன் வேலைவெட்டி இல்லாமல் குந்தியிருக்காவிட்டால். அவன் இரண்டு மீனைப் பிடித்து ஒரே பானையில் போட்டான். பக்கத்து வயல்காரன் காசு வைத்தான். 2022இல் வெளியான மரபணு ஆய்வுப்படி, மனிதன் இதை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் வருஷம் ஆகிறது. அக்கம்பக்கத்துச் சொந்தக்கார இனங்களின் ரத்தமும் வளர்ப்பு மீனில் கலந்திருக்கிறதாம். வளர்த்தவர்கள் குலம் கோத்திரம் பார்க்கவில்லை. ஜெயித்தவனுக்குக் கல்யாணம் என்ற ஒரே சட்டத்தை வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சண்டியர்களைத் தயாரித்தார்கள். 1923இல் சயாமுக்கு மீன்வள ஆலோசகராக வந்த ஹியூ ஸ்மித் என்ற அமெரிக்கர் வித்தியாசத்தை எழுதியிருக்கிறார்: வயல் மீன் கால் மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கு நிற்பது அபூர்வம், வளர்ப்பு மீன் மணிக்கணக்கில் நிற்கும், ஆறு மணி நேரம்கூட.

சண்டையின் உச்சம் தாடைப் பூட்டு. இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு, உருண்டு புரண்டு அடிமட்டத்துக்கு இறங்கும். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் மூச்சு முட்டும். உடனே பிடியை விட்டு, மேலே போய், காற்று குடித்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடங்குவார்கள். காற்று குடிக்கிறவனைக் கடிப்பதில்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒரு மணி நேரம் மோதிய ஜோடிகளின் மூளையைப் பரிசோதித்தார்கள். இரண்டிலும் மரபணுக்கள் ஒத்த கதியில் இயங்கின. அவ்வளவு ஒற்றுமை தம்பதிகளிடம்கூடப் பார்க்க முடியாது. தோல்வியைக் காயத்தை வைத்து முடிவு செய்வதுமில்லை. எவன் முதுகைக் காட்டினானோ அவன் அவுட்.

பந்தயக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் முதுகு காட்டவில்லை. காசு தீர்ந்ததும் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் பணயம் வைத்தவர்கள் இருந்ததாக தியோடர் கேண்டர் எழுதுகிறார். தருமர் சயாமில் பிறந்திருந்தால் பகடைக்கு அலைந்திருக்க வேண்டாம்.

இந்தக் கேண்டரும் டேனிஷ்காரர்தான், கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டர். சயாம் ராஜா ஒரு நண்பருக்கு மீன் கொடுக்க, நண்பர் 1840இல் அதைக் கேண்டரிடம் தள்ளிவிட்டார். கேண்டர் 1849இல் அதற்குப் பெயர் சூட்டும்போது பினாங்குப் பக்கத்து மீன் ஒன்றின் ரகமாக எழுதிவிட்டார். சண்டியர் அறுபது வருஷம் அடுத்தவன் பெயர்ப்பலகையோடு வாழ்ந்தார். 1910இல்தான் லண்டனில் டேட் ரீகன் ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்று தனிப் பட்டா போட்டுக் கொடுத்தார்.

அதற்குள் மீன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியிருந்தது. வெள்ளைக்காரனுக்குச் சண்டையைவிட அலங்காரத்தில் மோகம். 1927இல் சான்பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் லாக் என்பவர் வெளிறிய உடம்பும் சிவப்புத் துடுப்புமாக வந்திறங்கிய மீனைப் பார்த்துப் புது இனம் என்று குதித்தார். புது நிறம், அவ்வளவுதான். 1960களில் வாரன் யங் நீளத் துடுப்பு ரகம் ஒன்றை வளர்த்து, மனைவியின் பெயரால் ‘லிபி’ என்றார். அந்தம்மாள் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நம்புவோம். 1980களில் வால் 180 டிகிரி விரிந்து அரைவட்டமானது. பட்டாபிஷேக உடையோடு கபடி ஆடச்சொன்ன கதை. சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக் குதறிக்கொள்கின்றன.

1963இல் மட்டும் இதற்குச் சுக்கிர திசை. ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லன் மூன்று மீன்களைக் காட்டி, இரண்டு மோதிக்கொள்ள, மூன்றாவது ஓய்ந்தவனுக்காகக் காத்திருக்கும் தந்திரத்தை வியக்கிறான். அதே வருஷம் டிராவிஸ் தாம்ப்சன் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து முறைக்கும் பாக்கியத்துக்காகவே இந்த மீன் வளையத்துக்குள் நீந்தக் கற்றுக்கொள்ளும் என்று காட்டினார். எதிரி இல்லாவிட்டால் சம்பாதித்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

2016இல் தாய்லாந்துக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீல வரிகளோடு பிறந்த ஒன்று 53,500 பாட் விலைக்கு ஏலம் போனது. 2019 பிப்ரவரியில் அமைச்சரவை கூடி இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அதே தேசியச் சின்னங்கள் வரிசையில் 2001 முதலே யானை நிற்கிறது. யானை பக்கத்தில் நிற்பதில் நம்மாளுக்கு ஆட்சேபம் இருக்காது. யானைக்குச் செவுள் கிடையாது.