பூனையைப் பற்றி நாலு விஷயம்

போன ஞாயிற்றுக்கிழமைக் கோபம் இன்னும் ஆறவில்லை. சேலையூரில் எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர், “லீவுல பசங்க சும்மா திரியறாங்க சார். பூனையைப் பத்தி இன்ட்ரஸ்டிங்கா நாலு விஷயம் சொல்லுங்க” என்றார். பிள்ளைகள் சும்மா திரிந்தால்தான் நமக்குப் பொறுக்காதே! வண்டலூருக்குக் கூட்டிப்போனால்கூடப் புலியை நிம்மதியாகப் பார்க்க விடுகிறோமா? அது கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அதன் அறிவியல் பெயரைக் கேட்டுவிடுகிறோம்.

சரி, நாலு விஷயம். முதலாவது: பூனைக்கு முன்னங்கால்களில் ஐந்தைந்து விரல், பின்னங்கால்களில் நாலு நாலு, ஆக 18. சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பொடியன் சரிபார்க்கக் கீழே ஓடினான். முன்னங்கால் வரை எண்ணியிருக்கிறான். அதற்குமேல் பூனை சம்மதிக்கவில்லை. பூனை கீறினாலும் டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அன்று எல்லோரும் கற்றுக்கொண்ட உபரி விஷயம். நாலில் அதைச் சேர்க்கவில்லை.

இரண்டாவது, பால். பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. அதைச் செரிக்க வைக்கும் நொதி குட்டிப் பருவம் தாண்டியதும் குறைந்துவிடும். வயிற்றால் போகும். இவ்வளவுதான் சொன்னேன். “அப்போ கம்பர் சொன்னது?” என்று எழுந்தார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் போன பூனையைப் போல ராமகாதை சொல்லப் புகுந்தேன் என்று கம்பர் அவையடக்கம் பாடியிருக்கிறாராம். ஐயா, அந்தப் பூனை ஆசையோடு நின்றதால் பிழைத்தது. கடலைக் குடித்திருந்தால் பள்ளிகொண்ட பெருமாள் எங்கே போவார், பூனைதான் எங்கே போகும்?

தெனாலிராமன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரார் பூனைகளெல்லாம் பால் குடித்துக் கொழுத்தன. ராமன் கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் வாய் வெந்த அவன் பூனை மட்டும் பாலைக் கண்டாலே ஓடியது. தலைமுறை தலைமுறையாக ராமனின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரிக்கிறோம். விஜயநகரத்திலேயே வயிறு ஒழுங்காக இருந்த பூனை அது ஒன்றுதான் என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா? சர்க்கரை போட்டுக் கொடுத்தாலும் வீண். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதற்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறதென்று 2005-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் கை தூக்கித் தவம் செய்கிறதே ஒரு பூனை, அதைச் சுற்றிச் சிற்பி எலிகளைத்தான் செதுக்கினான். கிண்ணத்தில் பால் வைக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே விஷயம் தெரிந்திருக்கிறது. தாம்பரம் மார்க்கெட்டில் மீன்காரம்மா காலடியில் தவம் கிடக்கும் பூனை ஒருநாளாவது பால் பூத் பக்கம் திரும்பியிருக்கிறதா?

மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். “நாங்கல்லாம் பால் ஊத்தித்தான் வளர்த்தோம். எந்தப் பூனை செத்துச்சு?”

சாகவில்லைதான். அவர் வீட்டில் காபிக்கு நீல ஆவின், பூனைக்குப் பச்சை ஆவின். குடிப்பது மூன்றாம் மாடியில். பலன் தரைத்தளத்தில், என் வீட்டு மிதியடியில். நான் அறிவியல் ஆர்வத்தில் பேசுகிறேன் என்று பிள்ளைகள் நம்பினார்கள். பெரியவர்கள் நம்பவில்லை.

மூன்றாவது விஷயத்தைத் தொடங்கும்போது கேம்ப் ரோட்டிலிருந்து சமோசா வந்துவிட்டது. நாலாவதுதான் முக்கியம்; அதைச் சொல்வதற்காகவே ஒப்புக்கொண்டேன். சட்னி போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்ல?

அடுத்த ஞாயிறு நாயைப் பற்றி நாலு விஷயமாம், வேறொருவர் பேசுகிறார். நாய்க்குச் சாக்லேட் விஷம் என்று சொல்லித்தான் பார்க்கட்டுமே. மூன்றாம் மாடியில் சாக்லேட் கிரீம் பிஸ்கட் டப்பா தயாராக இருக்கிறது.