வாத்தியார் திறந்த சத்திரம்

1909 ஆகஸ்ட் 26. ஜெர்மனியின் ப்ரோல் பள்ளத்தாக்கில் இடி மின்னலோடு மழை பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளிக்கூட வாத்தியார், பின்னால் ஒரு பையன் பட்டாளத்தோடு, தொப்பலாக நனைந்து நிற்கிறார். ஆல்டெனாவிலிருந்து ஆகன் வரை எட்டு நாள் நடைப்பயணம். போகிற வழியில் யாராவது படுக்க இடம் தராமலா போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை அன்றைக்கு நன்றாக நனைந்திருந்தது.

கடைசியில் இடம் கொடுத்தது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். வகுப்பறையிலிருந்து தப்பித்தோம் என்று கிளம்பி வந்த பையன்களுக்கு ராத்தங்கலும் வகுப்பறையில்தான்! அவர்கள் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டார்கள். வாத்தியாருக்குத்தான் தூக்கம் வரவில்லை. வெளியே இடி, உள்ளே யோசனை. லீவு நாளில் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் பூட்டித்தானே கிடக்கின்றன? ஒரு நாள் நடைக்கு ஒன்றாகத் திறந்துவிட்டால் என்ன?

தூக்கம் வராத ராத்திரியில் திட்டம் போடாதவர் யார்? காலையில் காபி உள்ளே போனதும் மறந்துவிடுவோம். இவர் மறக்கவில்லை. அடுத்த வருடமே கோல்னிஷெ ஸைட்டுங் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். படித்தவர்கள் பாராட்டியதோடு நிற்காமல் பணமும் அனுப்பினார்கள் என்பதுதான் இந்தக் கதையிலேயே நம்ப முடியாத இடம்.

ஆல்டெனா, கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பேர்போன ஊர். வகுப்பை விட்டுக் கம்பி நீட்டுவதையே பாடத்திட்டமாக வைத்திருந்தவர் அங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. ஊருக்கு மேலே மலையில், மார்க் பிரபுக்களின் பழைய கோட்டை. அந்த வட்டாரம் பிராண்டன்பர்க் கைக்குப் போய் 300 வருடம் ஆனதைக் கொண்டாட அதைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரபுக்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அறைகள் சும்மா கிடந்தன. வாத்தியார் உள்ளே புகுந்தார். 1912இல் உலகின் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டல் அந்தக் கோட்டையில் பிறந்தது.

கட்டில்கள் மரத்தில், மூன்றடுக்கு. இப்போது அவை மியூசியப் பொருள். ராத்திரி ஒண்ணுக்குப் போக மேல்தட்டிலிருந்து இறங்குகிறவன், நடுத்தட்டுக்காரன் தோளையும் கீழ்த்தட்டுக்காரன் மூஞ்சியையும் படிக்கட்டாகப் பயன்படுத்துகிற கலை அங்கேதான் ஆரம்பமாகியிருக்க வேண்டும். மியூசியத்தில் வைக்க முடியாத அந்தக் கலை, உலகமெங்கும் இன்றும் தழைத்திருக்கிறது.

இன்றைக்கு பேக்பேக்கர் ஹாஸ்டல் என்றால் சடைமுடி, கிடார், மொட்டைமாடியில் பீர். இதற்கெல்லாம் தாத்தாவான அந்தக் காலத்து யூத் ஹாஸ்டலில் என்ன தெரியுமா? மது கிடையாது. ராத்திரி குறித்த நேரத்தில் கதவைச் சாத்தி விளக்கை அணைப்பார்கள். காலையில் அறையைப் பெருக்கி, பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் நடையைக் கட்டலாம். வாத்தியார் கண்டுபிடித்தது வேறு எப்படி இருக்கும்? ஒரு ஜமீன்தார் கண்டுபிடித்திருந்தால் கால் பிடித்துவிட ஆளாவது வைத்திருப்பார். கூட்டாளியாக வந்த வில்ஹெல்ம் மூங்கர் அமைப்பு வேலைகளைக் கட்டிக்கொண்டு அழுதார். 1922இல் ஷிர்மான் வாத்தியார் உத்தியோகத்தையே விட்டுவிட்டு இதில் முழுசாக இறங்கினார். உத்தியோகத்தை விட்டாரே தவிர, வாத்தியார்த்தனத்தை விடவில்லை.

1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட ஹாஸ்டல்கள். 1932இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டுக்காரர்கள் கூடி சர்வதேச அமைப்பு உண்டாக்கினார்கள். இவர் அதன் தலைவரானார். 1933இல் ஹிட்லரின் இளைஞர் படை ஜெர்மன் ஹாஸ்டல்களை மொத்தமாக விழுங்கியது. 1936இல் சர்வதேசத் தலைவர் பதவியையும் விடவைத்தார்கள். பையன்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஊர் சுற்றுவது எந்த சர்வாதிகாரிக்குத்தான் பிடித்திருக்கிறது? போர் முடிந்து, கிழவர் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார்.

போருக்கு முன்பே பிரிட்டிஷ்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டிருந்தது. 1930 டிசம்பரில், வேல்ஸில் பென்னன்ட் ஹால் என்ற மாளிகையில் முதல் ஹாஸ்டலைத் திறந்தார்கள். தண்ணீர்ப் பிரச்சினையால் சீக்கிரமே இழுத்து மூடினார்கள். (வேல்ஸில்! மழைக்கே பேர்போன சீமையில்!) ஆனாலும் அசரவில்லை. ராத்திரிக்கு ஒரு ஷில்லிங் என்று ஊரெங்கும் ஹாஸ்டல்கள் முளைத்தன. தலைவராக உட்கார்ந்தவர் ஜி. எம். ட்ரெவெல்யன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அங்கேயும் வாத்தியார்!

அவர்களுடைய விதிகளில் ஒன்று: நடந்தோ சைக்கிளிலோதான் வரவேண்டும். காரில் வருகிறவனுக்கு 1970கள் வரை இடமில்லை. மனித குலத்தின் சுபாவம் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதை சொல்ல வேண்டியதில்லை. காரை இரண்டு வளைவுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, மூட்டையை முதுகில் ஏற்றி, பத்து மைல் நடந்த களைப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டு வார்டன் முன்னால் வந்து நின்றிருப்பார்கள். சேறே படாத பூட்ஸை வார்டன் ஒரு பார்வை பார்த்திருப்பார். எப்படி வந்தவனாக இருந்தாலும் காலையில் கையில் துடைப்பம் வரத்தானே போகிறது.