பிக்கப் டிரக்கும் டீசலும்

கேள்வி: அமெரிக்காவில் ஓடும் இலகு ரக பிக்கப் டிரக்குகளுக்கு டீசல் என்ஜின் கட்டுப்படியாகுமா?

பதில்: வண்டி எதை இழுக்கிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. கடுமையாக அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அந்த உயர் அழுத்தத்தால் எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலை அதிகம். அளவுக்கு அளவு பார்த்தால், பெட்ரோலைவிட டீசலில் ஆற்றலும் 10 சதவீதத்துக்குமேல் கூடுதல். டர்போவும் சேரும்போது குறைந்த வேகச் சுழற்சியிலேயே இழுவிசை பெருகுகிறது. 2018-இல் வந்த ஃபோர்டு எஃப்-150 டீசல், இரு சக்கர இயக்கத்தில், நெடுஞ்சாலையில் காலனுக்கு 30 மைல் என்ற அரசு மதிப்பீட்டைப் பெற்றது. லிட்டருக்குச் சுமார் 12.8 கிலோமீட்டர்.

லாபத்தை அரிப்பவையும் உண்டு. வண்டியின் விலை அதிகம். மத்திய அரசின் வரி காலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். புகையைத் தூய்மையாக்க யூரியா கரைசலை அவ்வப்போது நிரப்ப வேண்டும். குறுந்தூரமே ஓடும் வண்டியில் புகைக்கரி வடிகட்டி போதிய அளவு சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

சந்தையும் இதையே காட்டியது. ஃபோர்டு 2021-இலும், ராம் 1500 2023-இலும் இந்த ரகத்தில் டீசலைக் கைவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசலை அதன் பிறகும் தொடர்ந்தது.

நெடுந்தூரம் டிரெய்லர் இழுப்பவருக்கு டீசல் சம்பாதித்துத் தரும். கடைத்தெருவரை போய்வருபவருக்குச் செலவு வைக்கும்.